வாலைப்பழம், வாளைப்பழம், வாழைப்பழம்



இந்தக் கிழமை எபிசோடைக் கேட்டவர்களுக்கு ஒரு இடம் நினைவிருக்கும். குரலை எழுத்தாக்கும் மென்பொருள்களைத் தமிழில் சோதித்துக்கொண்டிருந்தபோது, நான் வேண்டுமென்றே போனைப் பார்த்து "வாலைப்பழம்" என்று சொன்னேன். அது ஒரு கேள்வியும் கேட்காமல் "வாழைப்பழம்" என்று எழுதித் தந்தது. நான் மைக்குக்குப் பக்கத்தில் இருந்து விழுந்து விழுந்து சிரித்தேன். "அதில என்ன அவ்வளவு சிரிப்பு?" என்று சிலர் கேட்டிருந்தீர்கள். அந்தக் கதையையும், நேரம் போதாமல் எபிசோடில் விட்ட விஷயங்களையும் இங்கே எழுதுகிறேன். வழமையை விட நீளமான மடல். தேத்தண்ணியோட இருங்கோ.

எனக்கு அப்போது 11 வயது. ஸ்காபரோவில் ஒரு மண்டபத்தில் தமிழ்ப் பேச்சுப்போட்டி. அம்மா எழுதித் தந்த இரண்டு பக்கத்தையும் பாடமாக்கிக்கொண்டு போயிருந்தேன். நடுவில் ஒரு வசனம்: எங்கள் ஊரில் வீட்டுக்கு வீடு வாழை மரம் நிற்கும். நான் சொன்னது "வாலை மரம்". முன்வரிசையில் ஆரோ சிரித்தது கேட்டது. பேசி முடிந்ததும் நடுவர்களில் ஒருவர், நல்ல மனசோடதான், மைக்கை வாங்கி, "பிள்ளை, வாலை ஆட்டுறது நாய். இது வாழை. எங்க, சொல்லுங்கோ பாப்பம்" என்றார். நான் திரும்பவும் "வாலை" என்றேன். இந்த முறை மண்டபமே சிரித்தது.

அதற்குப் பிறகு பதினைந்து வருசம், வீட்டுக்கு வெளியில் ஒருத்தரோடும் நான் தமிழ் கதைக்கவில்லை. "விளங்கும், ஆனா கதைக்க மாட்டன்." இந்த வசனத்தைச் சொல்லாத ஆள் எங்கட வயதில் எத்தனை பேர் இருக்கிறோம்?

என்னுடைய கேள்வி சின்னது. அந்த மேடையில் எனக்கு எது பிழைத்தது? நாக்கா, காதா? இல்லாவிட்டால் நான் பிறந்த இடமா?

நாக்கில் இருந்து தொடங்குவோம். பேச்சுச் சத்தம் உண்டாகிறது உண்மையில் எளிமையான வேலை. நுரையீரல் காற்றைத் தள்ளும், தொண்டையில் குரல் நாண்கள் அதிரும், அந்த அதிர்வு வாய் என்கிற குழாய் வழியாக வெளியே வரும். குழாயின் வடிவத்தை மாற்றினால் சத்தம் மாறும். அந்த வடிவத்தை மாற்றுகிற முக்கியமான ஆள் நாக்கு. ல, ள, ழ மூன்றுக்கும் குரல் நாண் செய்கிற வேலை ஒன்றுதான். வித்தியாசம் எல்லாம் நாக்கு எங்கே நிற்கிறது, எதையாவது தொடுகிறதா என்பதில்தான்.

இதை வாசிப்பதை விடச் செய்து பார்ப்பது நல்லது. பஸ்ஸில் இருந்தால் வீட்டுக்குப் போய்ச் செய்யுங்கோ.

"ல்" என்று சொல்லி, நாக்கை அப்படியே வைத்திருங்கோ. நுனி மேல்பல்லுக்குப் பின்னால் உள்ள மேட்டைத் தொட்டுக்கொண்டு நிற்கும். இப்போது நாக்கை அசைக்காமல், வாயால் காற்றை உள்ளே இழுங்கோ. எங்கே குளிருது? நாக்கின் இரண்டு பக்கமும் குளிரும். நடுவில் நுனி வழியை அடைத்திருப்பதால் காற்று பக்கங்களால்தான் போகிறது. பள்ளிக்கூட இலக்கணப் புத்தகத்தில் ஒருபோதும் விளங்காத விஷயம் இந்த ஒரு மூச்சில் விளங்கும்.

அடுத்தது "ள்". நுனியைப் பல்லுக்குப் பின்னால் இருந்து மெதுவாகப் பின்னுக்கு, அண்ணத்தின் வளைவு வரைக்கும் இழுத்துக்கொண்டு போங்கோ. நுனி சுருண்டு, ஆனால் தொட்டபடியே நிற்கும். காற்றை உள்ளே இழுத்தால் திரும்பவும் பக்கங்கள்தான் குளிரும். ஆக, லகரமும் ளகரமும் ஒரே குடும்பம். தொடுகிற இடம்தான் வேறு.

இப்போது அந்த ள நிலையில் இருந்து, நுனியை ஒரு மயிரிழை கீழே இறக்குங்கோ. எதையும் தொடக்கூடாது. நாக்கின் ஓரங்கள் மேல் கடைவாய்ப் பற்களில் சாய்ந்துகொள்ளட்டும். காற்றை இழுத்தால் இந்த முறை நடுவில் குளிரும். அதுதான் ழ. தொடாமல் தொடுவது போலப் போய் நிற்கிற ஒரு சத்தம். எழுத்தில் ள, ழ இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் இருந்தாலும், வாய்க்குள் காற்று போகிற வழியைப் பார்த்தால் ழகரம் வேறு குடும்பம்.

இது என் கண்டுபிடிப்பு இல்லை. 1999ஆம் ஆண்டு, ஸ்ரீகாந்த் நாராயணன், டானி பேர்ட், அபிகெய்ல் கோன் என்ற மூன்று ஆய்வாளர்கள் அமெரிக்க ஒலியியல் சங்கத்தின் இதழில் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். தமிழின் ர, ற, ல, ள, ழ ஐந்தையும் எடுத்து, ஒரு தமிழரை எம்.ஆர்.ஐ இயந்திரத்துக்குள் படுக்கவைத்து, அவர் அந்தச் சத்தங்களை இழுத்துப் பிடிக்கும்போது நாக்கின் வடிவத்தைப் படம் எடுத்தார்கள். அண்ணத்தில் நாக்கு தொட்ட தடத்தையும் பதிந்தார்கள். நாக்கில் சின்னச் சின்ன உணரிகளை ஒட்டி, காந்தப் புலத்தை வைத்து அதன் அசைவையும் பின்தொடர்ந்தார்கள். இந்த வகை ஒலிகள் ஐந்து தனித்தனியாக இருப்பது உலக மொழிகளில் அபூர்வம் என்றுதான் அந்தக் கட்டுரையே தொடங்குகிறது. ஆனால் அதில் ஒரு சின்னத் திருத்தம் உண்டு: தமிழின் "சில வட்டார வழக்குகளில்" மட்டும்தான் ஐந்தும் இருக்கிறது என்கிறார்கள். இந்தச் "சில" என்ற சொல்லை ஞாபகம் வைத்திருங்கோ. கடைசியில் தேவைப்படும்.

ஆய்வுக்குக் குரல் கொடுத்தவர் ஒரே ஒருவர்தான். அதனால் எல்லாத் தமிழரின் நாக்கும் அப்படியே இருக்கும் என்று சொல்ல முடியாது. எனக்கு அந்தக் கட்டுரையில் பிடித்தது இன்னொரு பகுதி. தமிழ் ஒலிகளை அவர்கள் ஆங்கிலத்தின் எல், ஆர் இரண்டோடும் ஒப்பிட்டார்கள். ழகரம் போய் உட்கார்ந்தது ஆங்கில ஆர் பக்கத்தில்.

இதை முதல்முறை வாசித்தபோது நான் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தேன். "கார்" என்று கனடாக்காரர் சொல்கிற மாதிரிச் சொல்லி, கடைசி ஆரை இழுத்துப் பிடியுங்கோ. நாக்கு எங்கேயாவது தொடுதா? இல்லை. ஓரங்கள் கடைவாய்ப் பல்லில் சாய்ந்திருக்கா? ஓம். அந்த ஆரைச் சிலர் நுனியை மேலே சுருட்டிச் சொல்கிறார்கள், சிலர் நுனியைக் கீழே விட்டு நடு நாக்கைக் குவித்துச் சொல்கிறார்கள். 1968இல் பியர் டெலாத்ர், டொனால்ட் ஃப்ரீமன் இருவரும் எக்ஸ்ரே எடுத்தே இதைக் காட்டினார்கள். எப்படிச் செய்தாலும் கேட்கிற சத்தம் கிட்டத்தட்ட ஒன்றுதான். வாய்க்குழாயின் ஒத்ததிர்வுகளில் மூன்றாவது வழமைக்கு மாறாக நல்லாக் கீழே இறங்கிவிடும். ஆண் குரலில் 2000 ஹெர்ட்ஸுக்கும் கீழே போகும். அந்த இறக்கம்தான் ஆங்கில ஆரின் அடையாளம். ழகரத்தின் அடையாளமும் அதேதான்.

அப்படியென்றால், 11 வயதில் நான் மேடையில் நின்றபோது என் நாக்குக்கு ழ தெரியும். ஒவ்வொரு நாளும் பள்ளிக்கூடத்தில் "கார்", "ஃபோர்", "மதர்" என்று நூறு தடவை அதன் நெருங்கிய சொந்தத்தைச் சொல்லிக்கொண்டுதான் இருந்தேன். பிழை நாக்கில் இல்லை.

காது எப்போது முடிவெடுக்கிறது

கனடாவில் இருக்கும் எங்களுக்கு இதில் ஒரு உள்ளூர்ச் சொந்தம் இருக்கிறது. ஜானட் வெர்க்கர், ரிச்சர்ட் டீஸ் என்ற இரண்டு கனடிய உளவியலாளர்கள் 1984இல் வெளியிட்ட ஆய்வு அது. குழந்தையை அம்மாவின் மடியில் இருத்தி, ஒரே சத்தத்தைத் திரும்பத் திரும்பப் போடுவார்கள். சத்தம் மாறுகிற நேரத்தில் குழந்தை தலையைத் திருப்பினால், ஒரு பெட்டிக்குள் விளக்கெரிந்து பொம்மை மிருகம் ஒன்று அசையும். குழந்தைக்கு அது நல்ல விளையாட்டு. ஆய்வாளருக்கோ, இந்தக் காது வித்தியாசத்தைப் பிடித்ததா இல்லையா என்பதற்கான பதில்.

அவர்கள் போட்ட சத்தங்களில் ஒரு சோடி ஹிந்தியின் ட, த. எங்கட ட, தவோடு ஏறத்தாழ ஒன்று. ஆங்கிலம் மட்டும் கேட்டு வளரும் வீட்டுக் குழந்தைகளில், 6 முதல் 8 மாதத்தவர்கள் பெரும்பாலும் அந்த மாற்றத்தைப் பிடித்தார்கள். 10 முதல் 12 மாதத்தில் பிடித்தவர்கள் மிகச் சிலர். ஹிந்தி கேட்டு வளரும் குழந்தைகள் அதே வயதிலும் தவறவில்லை. பிரிட்டிஷ் கொலம்பியாவின் பூர்வகுடி மொழி ஒன்றை வைத்துச் செய்தபோதும் கதை அதேதான்.

ஒரு வயது வருவதற்குள்ளேயே காது ஒரு கணக்குப் போட்டுவிடுகிறது: என் வீட்டில் எந்த வித்தியாசம் சொல்லை மாற்றுகிறதோ அதைக் கவனிப்பேன், மாற்றாததை விட்டுவிடுவேன். இதைக் குறை என்று நினைக்காதேங்கோ. ஆயிரம் வித்தியாசங்களில் தேவையான நாற்பதை மட்டும் கவனிக்கிற காதால்தான் பேச்சை வேகமாகப் பிடிக்க முடியும். பின்னாளில் இன்னொரு மொழி வரும்போதுதான் விலை தெரியும். புதுச் சத்தம் ஒன்று வந்தால், காது அதை ஏற்கனவே இருக்கிற ஒரு பெட்டிக்குள் போட்டுவிடும். எந்தப் பெட்டி பக்கத்தில் இருக்கோ அது.

இதற்கு ஒரு நல்ல சாட்சி நாங்கள் வாழும் ஊரின் பெயரிலேயே இருக்கிறது. யாழ்ப்பாணத்தில் இருந்து வந்த பெரியாக்கள் "ரொறொன்ரோ" என்று எழுதுவார்கள். தமிழ்நாட்டுப் பத்திரிகைகள் "டொராண்டோ" என்று எழுதும். சின்ன வயதில் நான் முதலாவதைப் பிழை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். டி சத்தத்துக்கு ஆராவது ர போடுவார்களா?

போடுவார்கள், காரணத்தோடு. ஆங்கில டியைச் சொல்லும்போது நாக்கு நுனி மேட்டைத் தொடும். தமிழ்த் தகரத்துக்கு நுனி பல்லைத் தொடும், டகரத்துக்குச் சுருண்டு அண்ணத்துக்குப் போகும். இரண்டுக்கும் நடுவில் நிற்பது ஆங்கில டி. யாழ்ப்பாணப் பேச்சில் அந்த நடு இடத்தில் ஒரு சத்தம் இன்னும் உயிரோடு இருக்கிறது: "காற்று", "நேற்று" என்று அம்மம்மா சொல்லும்போது வருகிற ற்ற. அந்தக் காதுக்கு ஆங்கில டி, றகரப் பெட்டியில் போய் விழும். அதனால்தான் ரிக்கற், ரெலிபோன், ரிவி. தமிழ்நாட்டுப் பேச்சின் பெரும்பகுதியில் அந்தப் பெட்டி இப்போது இல்லை. "காத்து", "நேத்து" என்றாகிவிட்டது. அதனால் அதே டி, டகரப் பெட்டிக்குள் போகிறது. ஒரே ஊர்ப் பெயர், இரண்டு காது, இரண்டு எழுத்து. இரண்டு பக்கமும் நேர்மையாகத்தான் கேட்கிறது. (இதை ஒரு குடும்பச் சாப்பாட்டு மேசையில் சொல்லிப் பாருங்கோ. சாப்பாடு ஆறிப்போகும்.)

அப்ப, பிந்திப்போச்சா?

மேலே உள்ளதை மட்டும் வாசித்துவிட்டு, "ஒரு வயதோட கதை முடிஞ்சுது" என்று நினைக்க வேண்டாம். எங்களைப் போன்றவர்களைப் பற்றி இரண்டு ஆய்வுகள் இருக்கின்றன. எபிசோடில் சொல்லாமல் விட்டது எனக்கு இன்னும் கவலை.

முதலாவது, கலிபோர்னியாவில் டெரி அவ் என்பவரும் மற்றவர்களும் செய்து 2002இல் வெளியிட்டது. பல்கலைக்கழகத்தில் ஸ்பானிஷ் படிக்க வந்த மாணவர்களில் ஒரு பகுதியினர், சின்ன வயதில் வீட்டில் பெரியவர்கள் ஸ்பானிஷ் கதைப்பதைப் பக்கத்தில் இருந்து கேட்டு வளர்ந்தவர்கள். தாங்கள் பெரிதாகப் பேசியதில்லை. மற்றவர்கள் பிறகுதான் படிக்கத் தொடங்கியவர்கள். இலக்கணத்தில் இரண்டு கூட்டத்துக்கும் வித்தியாசம் தெரியவில்லை. ஆனால் உச்சரிப்பில், கேட்டு வளர்ந்தவர்கள் தாய்மொழிக்காரருக்கு நெருக்கமாக இருந்தார்கள். குசினியில் அம்மாவும் பெரியம்மாவும் கதைக்க, நாங்கள் ஹோலில் இருந்து கேம் விளையாடின நேரம் வீண் போகவில்லை என்று இதற்கு அர்த்தம்.

இரண்டாவது இன்னும் ஆச்சரியம். ஜியூன் சோய், மிரியம் புரூர்ஸ்மா, ஆன் கட்லர் மூவரும் 2017இல் வெளியிட்டார்கள். கொரியாவில் பிறந்து, குழந்தையாக இருக்கும்போதே நெதர்லாந்துக்குத் தத்துப் போய், டச்சு மட்டும் பேசி வளர்ந்த பெரியவர்கள். கொரிய மொழி ஒரு சொல்லும் தெரியாது. அவர்களுக்கும், கொரியத் தொடர்பே இல்லாத டச்சுக்காரருக்கும் கொரிய மொழியின் கடினமான சத்தங்களில் பயிற்சி கொடுத்தார்கள். தத்துப் போனவர்கள் அந்தச் சத்தங்களைச் சொல்வதில் மற்றவர்களை முந்தினார்கள். அவர்களில் சிலர் ஆறு மாதம் ஆகும் முன்பே கொரியாவை விட்டவர்கள். சொல்லே பேசாத வயதில் கேட்டது, இருபது முப்பது வருசம் எங்கோ ஒரு மூலையில் இருந்திருக்கிறது.

குழந்தையாக இருந்தபோது ஒன்றுமே கேட்காதவர்களுக்கும் வழி அடைபடவில்லை. ஜப்பானியருக்கு ஆங்கில ஆர், எல் வித்தியாசம் கஷ்டம் என்பது எல்லாருக்கும் தெரிந்த கதை. 1991இல் இண்டியானா பல்கலைக்கழக ஆய்வாளர்கள், அவர்களுக்குச் சில கிழமைகள் கேட்கும் பயிற்சி கொடுத்தார்கள். ஒரே குரலைத் திரும்பத் திரும்பப் போடவில்லை. பல பேர் பேசிய பல சொற்கள், அந்தச் சத்தம் சொல்லின் முன்னால், நடுவில், கடைசியில் வருகிற மாதிரி. பிழை விட்டால் உடனே சரியானதைக் காட்டுவார்கள். முன்னேற்றம் தெரிந்தது. 1997இல் அதே வழியில் வந்த இன்னொரு ஆய்வு, இப்படிக் காதுக்கு மட்டும் பயிற்சி கொடுத்தாலே நாக்கும் சேர்ந்து திருந்துகிறது என்று காட்டியது. ஒருத்தரும் அவர்களை மேடையில் நிறுத்தி "எங்க, சொல்லுங்கோ பாப்பம்" என்று கேட்கவில்லை.

குட்டிப் பிள்ளைகள் உள்ள அக்காமார், அண்ணாமாருக்கு இடையில் ஒரு குறிப்பு. ஐபாடில் தமிழ்க் கார்ட்டூன் போட்டுவிட்டால் காது தமிழைப் பிடித்துவிடும் என்று நம்பாதேங்கோ. பட்ரீசியா குல் குழுவினர் 2003இல், 9 மாத அமெரிக்கக் குழந்தைகளை மாண்டரின் பேசுகிற ஆட்களோடு 12 தடவை விளையாட விட்டார்கள். குழந்தைகள் மாண்டரின் சத்தங்களைப் பிடித்தார்கள். அதே ஆட்களை, அதே அளவு நேரம், வீடியோவாகக் காட்டியபோது ஒன்றும் பதியவில்லை. அம்மம்மாவை விட நல்ல ஆப் இன்னும் வரவில்லை.

சரி, என்ன செய்யலாம்

முதலில், போனில் குரல் தட்டச்சு செய்து உச்சரிப்பைச் சோதிக்க வேண்டாம். அந்த மென்பொருள் சத்தத்தை மட்டும் பார்ப்பதில்லை, எந்தச் சொல் வர வாய்ப்பு அதிகம் என்றும் கணக்குப் பார்க்கும். உலகத்தில் "வாலைப்பழம்" என்று ஒரு பழம் இல்லை. அதனால்தான் அது என்னை மன்னித்தது. நான் சிரித்ததும் அதற்காகத்தான். 11 வயதில் எனக்குத் தேவைப்பட்ட பெருந்தன்மையை ஒரு போன் காட்டுது. ஆனால் பெருந்தன்மையான வாத்தியாரிடம் உச்சரிப்புப் படிக்க முடியாது.

காதில் தொடங்குங்கோ. வால், வாள், வாழ். ஒலி, ஒளி, ஒழி. கிலி, கிளி, கிழி. ஒரு எழுத்து மாறினால் சொல்லே மாறுகிற இப்படியான சொற்களை, ழ நல்லாச் சொல்லக்கூடிய நாலைந்து பேரிடம் கொடுத்துப் பதிவு செய்யுங்கோ. கலந்து போட்டு, எது எது என்று கண்ணை மூடிச் சொல்லிப் பாருங்கோ. முதல் இரண்டு நாள் எரிச்சல் வரும். எனக்கு வந்தது.

நாக்குக்கு என் குறுக்குவழி: "பர்" என்று கனடிய ஆரோடு சொல்லி, ஆரை விடாமல் "அம்" சேருங்கோ. "பர்‑அம்". ஆங்கிலத்தில் ஆர் சொல்லும்போது உதடு கொஞ்சம் குவியும். அதை மட்டும் விட்டு, லேசாகச் சிரிக்கிற மாதிரி உதட்டை விரித்துச் சொன்னால், "பழம்" உங்களுக்கு முன்னால் வந்து நிற்கும். லண்டனில் இருப்பவர்களுக்குச் சொல்லின் கடைசி ஆர் வராது. நீங்கள் "ரெட்" என்ற சொல்லின் முதல் ஆரை இழுத்துப் பிடித்துத் தொடங்குங்கோ. இது கச்சிதமான ழ இல்லை, அதன் பக்கத்து வீடு. அங்கிருந்து நுனியை இன்னும் கொஞ்சம் பின்னுக்குச் சுருட்டினால் போதும். ஆங்கிலத்தில் எழுதும்போது இசட், எச் போடுகிறோமே, அதைப் பார்த்துப் படித்தால் மட்டும் ஒருநாளும் வராது. அந்த இரண்டு எழுத்திலும் இந்தச் சத்தம் இல்லை.

கண்ணால் பார்க்க விரும்பினால், ஆம்ஸ்டர்டாம் பல்கலைக்கழகத்தில் பவுல் பூர்ஸ்மாவும் டேவிட் வேனிங்கும் உருவாக்கிய பிராட் என்ற இலவச மென்பொருள் இருக்கிறது. குரலைப் பதிந்து திறந்தால், ஒத்ததிர்வுகளைச் சிவப்புப் புள்ளிகளாகக் காட்டும். ழ சொல்லும்போது மூன்றாவது வரிசை சறுக்கிக் கீழே இறங்கும். லகரத்தில் அது மேலேயே நிற்கும்.

இந்த எபிசோடுக்காக நானும் பிராட்டில் மூன்று கிழமை விளையாடினேன். என் பதிவுகள் போதாமல், ஒப்பிட ஒரு நல்ல தமிழ்க் குரல் வேணும் என்று அம்மம்மாவிடம் போனேன். 82 வயது, பிறந்தது வளர்ந்தது வடமராட்சி. தமிழைத் தவிர வேறொன்றும் கதைக்க மாட்டா. "வாழை, வாளை, வாலை" மூன்றையும் எழுதிக் கொடுத்து வாசிக்கச் சொன்னேன். பதிவைத் திறந்தேன். மூன்றாவது வேறாக இருந்தது. முதல் இரண்டையும் எவ்வளவு பெரிதாக்கிப் பார்த்தும், எத்தனை தரம் கேட்டும், பிரிக்க முடியவில்லை. அம்மம்மா வாழைக்கும் வாளை மீனுக்கும் ஒரே சத்தம்தான் போட்டிருக்கிறா. அம்மாவைப் பதிந்தேன். அதுவும் அப்படித்தான்.

அந்தக் கட்டுரையின் "சில" என்ற சொல் இங்கேதான் வருகிறது. யாழ்ப்பாணப் பேச்சில் பெரும்பாலும் ழகரம் ளகரத்தோடு கலந்துவிட்டது. மொழியியல்காரர்கள் இதை எப்போதோ எழுதி வைத்திருக்கிறார்கள். மதுரைப் பக்கமும் திருநெல்வேலிப் பக்கமும் பேச்சில் அதே கதை. சென்னையின் பழைய பேச்சில் அதே பழம் "பயம்" ஆகும். ழவை ழவாகவே பேச்சில் வைத்திருப்பவர்கள் தமிழரில் ஒரு பகுதிதான்.

இப்போது 11 வயதுப் பிள்ளையைத் திரும்பப் பாருங்கோ. அவள் வீட்டில் ஒருநாளும் "வாழை" கேட்டதில்லை. கேட்டது "வாளை". ழ அவளுக்கு ஞாயிற்றுக்கிழமைப் பள்ளிக்கூடத்தில் பார்த்த ஒரு எழுத்து. வீட்டில் கேட்ட ளகரத்தை, பகல் முழுக்க ஆங்கிலம் கேட்ட காது, ஆங்கிலத்தில் இருக்கிற ஒரேயொரு எல் பெட்டிக்குள் போட்டது. அதனால் "வாலை". வாழையில் இருந்து வழுக்கி வந்த பிழை இல்லை அது. தன் வீட்டுப் பேச்சைத் தன் ஊர்க் காதால் அவள் சரியாகத்தான் கேட்டாள். சிரித்த மண்டபத்தில் பாதிப் பேர் வீட்டுக்குப் போய் வாளைப்பழம்தான் உரித்திருப்பார்கள். ளவுக்கு ஒருத்தரும் சிரிப்பதில்லை, லவுக்குச் சிரிப்பார்கள். இரண்டும் ழ இல்லை. ஒன்று ஊரில் இருந்து வந்தது, மற்றது ஸ்காபரோவில் இருந்து வந்தது. வித்தியாசம் அவ்வளவுதான்.

ழ படிக்க வேண்டாம் என்று நான் சொல்ல வரவில்லை. எனக்கு அந்தச் சத்தம் பிடிக்கும், இப்போது நல்லாவே வருது. பதிவெல்லாம் முடிந்த பிறகு, அம்மம்மாவுக்கு முன்னால் இருந்து, நாக்கைச் சுருட்டி, கச்சிதமாக, "அம்மம்மா, எனக்கு ஒரு வாழைப்பழம் தாங்கோ" என்றேன்.

அம்மம்மா என்னை மேலும் கீழும் பார்த்தா. "என்ன பிள்ளை, ரேடியோவில நியூஸ் வாசிக்கிற ஆக்கள் மாதிரிக் கதைக்கிறாய்?"

பிறகு பழத்தைத் தந்தா.

அடுத்த எபிசோடுக்கு ஒரு உதவி வேணும். வால், வாள், வாழ் மூன்றையும் சொல்லி, முப்பது செக்கனுக்குள் ஒரு குரல் பதிவு அனுப்புங்கோ. நீங்கள் எந்த நாடு, வீட்டில் எந்த ஊர்ப் பேச்சு என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கோ. ழ வராதவர்களும் அனுப்பலாம். வருகிறவற்றைச் சேர்த்து, கேட்டுப் பழகுவதற்கு ஒரு ஒலித்தொகுப்பு செய்கிறோம். அம்மம்மாமாரைப் பதிந்து அனுப்புகிறவர்களுக்கு முதலிடம்.